400 மீட்டர் ஹர்டில்ஸ்: யூனிவர்சிட்டி டீமில் இடம் கிடைத்திருக்கிறது, அதே வாரம் பிராக்டிகல். போகலாமா?

புதுகை_ஹர்டில்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 400 மீட்டர் ஹர்டில்ஸ் (தடை தாண்டும் ஓட்டம்) ஓடுகிறேன். இந்த வருஷம் இன்டர்காலேஜ் மீட்டில் இரண்டாவதாக வந்தேன். கைக்கடிகாரத்தில் 66.4 வினாடி. யூனிவர்சிட்டி டீமில் எடுத்துவிட்டார்கள். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி, வெளிமாநிலத்தில். ரயில், தங்குவது எல்லாம் சேர்த்து ஒரு வாரம் ஆகும்.

பிரச்சினை என்னவென்றால் அதே வாரம்தான் எங்களுக்கு செமஸ்டர் பிராக்டிகல். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வருகிற நாளில் ஆள் இல்லையென்றால் ஆப்சென்ட்தான், அப்புறம் அரியர்தான் என்று லேபில் சொல்கிறார்கள். கிளாஸில் முதல் ஐந்து பேருக்குள் இருக்கிறேன், அரியர் வைத்ததே இல்லை.

வீட்டில் அப்பா கொத்தனார் வேலை பார்க்கிறார். ஓடக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்தத் தடவை மட்டும், "மெடல் வருமா? வராதுன்னா எதுக்கு பரீட்சையை விட்டுட்டு அவ்வளவு தூரம்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொன்று. ஐந்தாவது ஹர்டில் வரைக்கும் 17 ஸ்டெப்பில் வந்துவிடுகிறேன். ஆறாவதில் கால் வராமல் குட்டிக் குட்டி ஸ்டெப் வைத்துத் திணறுகிறேன். அங்கே மட்டும் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். எங்கள் கல்லூரியில் ஆறு ஹர்டில்தான் உண்டு, எல்லாமே மரத்தில் அடித்தவை. மண் தரை. ஓடியவர்கள், பி.டி. சார், மேடம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பி.டி. மேடம், தஞ்சை

பாப்பா, போ. ஆனால் பேப்பர் வேலையை முடித்துவிட்டுப் போ.

முதலில் பிராக்டிகல். வேதியியல் பிராக்டிகல் ஒரே நாளில் முடிகிற தேர்வு இல்லை. லேபில் இருக்கிற மேஜைக்கும் பியூரெட்டுக்கும் தகுந்தபடி பிள்ளைகளை பேட்ச் பேட்ச்சாகப் பிரித்துத்தான் வைப்பார்கள். பேட்ச் பட்டியல் போடுவதற்கு முன்னால் கேட்டால் உன் பெயரை முதல் பேட்ச்சுக்கோ கடைசி பேட்ச்சுக்கோ மாற்றுவது பெரிய காரியமே இல்லை. பட்டியல் எக்ஸ்டர்னல் கைக்குப் போன பிறகு துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.க்கு மனசு இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நாளைக்கே உங்கள் பி.டி. சாரைப் பார். முதல்வர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது, யூனிவர்சிட்டி அனுப்பிய தேர்வுப் பட்டியலின் நகலை அதோடு வை. பி.டி. சார் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போடட்டும். முதல்வர் கையெழுத்து வந்ததும் ஒரு நகல் ஹெச்.ஓ.டி.க்கு, ஒன்று தேர்வுப் பிரிவுக்கு, ஒன்று உன் பைக்குள். "சரி, பாத்துக்கலாம், போயிட்டு வா" என்று யாராவது வாயால் சொன்னதை நம்பி ரயில் ஏறாதே. வாயால் சொன்னவர் அந்த வாரம் லீவில் இருப்பார். வருகைப் பதிவுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) தனி, பிராக்டிகல் தனி. ஓ.டி. கிடைத்துவிட்டது என்பதற்காகத் தேர்வு தானாகத் தள்ளிப்போகாது. நிறைய பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உனக்கு மோதுவது தியரி பேப்பராக இருந்தால் நான் வேறு மாதிரி யோசிக்கச் சொல்லியிருப்பேன். பிராக்டிகலுக்கு வழி உண்டு.

அடுத்தது அப்பா கேட்டது. நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல். மெடல் இந்த வருஷம் வராது. அகில இந்திய அளவில் பைனலில் நிற்கிற பிள்ளைகள் 60 வினாடியை ஒட்டி ஓடுவார்கள். நீ கையால் எடுத்த 66.4. எலக்ட்ரானிக் டைமிங்கில் அது இன்னும் கொஞ்சம் கூடும். 400 மீட்டருக்கு 0.14 வினாடி சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, மெடலுக்காகப் போகவில்லை, அடுத்த வருஷம் மெடலுக்கு ஓட வேண்டுமானால் இந்த வருஷம் அந்தத் தரையில் ஓடியிருக்க வேண்டும் என்று சொல். இது நான் சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளில் முதல் வருஷமே போய் ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) கடைசியாக வந்தவர்கள்தான் மூன்றாம் வருஷம் பைனலில் நின்றார்கள். மூன்றாம் வருஷத்தில் முதல்முறையாகப் போன பிள்ளைகள் கால் ரூமில் (ஓடுவதற்கு முன்னால் பெயர் கூப்பிட்டு உட்காரவைக்கிற அறையில்) உட்கார்ந்திருக்கும்போதே பாதி தோற்றுப்போய் வருவார்கள். சுற்றிலும் பெரிய பெரிய யூனிவர்சிட்டி பெயர் போட்ட டிராக்சூட், ஸ்பைக்ஸ் (ஊசி வைத்த ஷூ) பை, பக்கத்தில் இந்தி, மலையாளம். அந்தப் பயம் முதல் தடவை எல்லோருக்கும் வரும். அதை இரண்டாம் வருஷத்திலேயே தீர்த்துக்கொள்.

கல்லூரியிலிருந்து மேலே போன பிள்ளைகள் யார் என்று அப்பா கேட்டால் ரேவதி வீரமணியைச் சொல். மதுரையில் பாட்டி வளர்த்த பெண், வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தவர். பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார், லேடி டோக் கல்லூரியில் படித்தார், டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் ஓடினார். உன் ஈவென்ட்டிலேயே வேண்டுமா, கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் இருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை விட்டாரே, அந்த 55.42 கிட்டத்தட்ட 40 வருஷம் அப்படியே நின்றது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஹீட்ஸில் வித்யா அதே 55.42 ஓடி சாதனையைச் சமன் செய்தார். பைனலில் வெண்கலமும் வாங்கினார். 400 ஹர்டில்ஸ் நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராத ஈவென்ட் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

இப்போது ஆறாவது ஹர்டிலுக்கு வருகிறேன். இதைத்தான் எனக்கு எழுதவே ஆசை.

இரண்டு ஹர்டிலுக்கு நடுவே 35 மீட்டர். 17 ஸ்டெப் என்றால் ஒற்றைப்படை, எல்லா ஹர்டிலையும் ஒரே காலை முன்னால் தூக்கித் தாண்டலாம். ஐந்தாவதுக்கு மேல் களைப்பில் ஸ்டெப் சுருங்கும், 17-இல் எட்டாது. அப்போது நீ ஒரே பாய்ச்சலாக 19-க்குப் போகிறாய். 35 மீட்டருக்குள் இரண்டு ஸ்டெப்பைக் கூடுதலாகத் திணிக்கத்தான் அந்தக் குட்டி ஸ்டெப். நடுவில் 18 என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது இரட்டைப்படை, மற்றக் காலைத் தூக்கத் தெரிந்தால்தான் முடியும். உனக்கு ஒரு கால்தான் வரும் என்று நீ எழுதியதிலிருந்தே தெரிகிறது. இன்றிலிருந்து வார்ம்-அப்பில் பாதி ஹர்டிலை வராத காலில் தாண்டு. முதலில் ஓரமாக நடந்து, டிரெயில் காலை, அதாவது பின்னால் வருகிற காலை மட்டும் பக்கவாட்டில் மடக்கித் தாண்டு. அப்புறம் மெதுவான ஓட்டத்தில். கோணலாக இருக்கும், இருக்கட்டும். மீட்டுக்குள் 18 கைகூடாமல் போகலாம். அப்படியானால் ஆறாவதிலிருந்து 19 என்று முன்னாலேயே முடிவு செய்து, ஐந்தாவதைத் தாண்டி இறங்கின முதல் அடியிலிருந்தே ஸ்டெப்பைச் சின்னதாக வை. ஹர்டில் பக்கத்தில் போய்த் திணறுவதைவிட அதில் இழப்பு ரொம்பக் குறைவு.

நீ எந்தக் காலைத் தூக்குகிறாய் என்று எழுதவில்லை. வலது கால் என்றால் வளைவில் கவனம். இடது கால் பின்னால் வரும்போது ஹர்டிலின் உள்பக்கமாக, கட்டைக்குக் கீழே வெளியே தொங்கினால் தகுதி நீக்கம். ஹர்டிலின் நடுவைவிடக் கொஞ்சம் வலப்பக்கமாகத் தாண்டப் பழகு.

மர ஹர்டில் பற்றி ஒரு வார்த்தை. போட்டி ஹர்டில் உயரம் 76.2 செ.மீ., மேல் கட்டையில் நாலு கிலோவுக்குள் விசை பட்டாலே சாய்ந்துவிடும்படி செய்திருப்பார்கள். அடிக்கால்கள் நீ ஓடிவருகிற பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் இடித்தால் முன்னால் விழும். மரத்தில் அடித்தது இடித்தாலும் விழாது, முழங்கால்தான் போகும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் ஒரு சாண் உயரமாகக் குதிக்கப் பழகிவிடுகிறார்கள், அங்கேயே ஒவ்வொரு ஹர்டிலுக்கும் நேரம் போகிறது. மேல் கட்டையைக் கழற்றிவிட்டு அந்த உயரத்தில் ஒரு எலாஸ்டிக் நாடாவைக் கட்டிப் பழகு.

கடைசியாக ஒன்று, பெண் பிள்ளை என்பதால் சொல்கிறேன். ஹீமோகுளோபின் பார்த்தாயா? ஆறாவது ஹர்டிலில் விழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள், குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

ரயில்வே_அண்ணன்

தங்கச்சி, மேடம் சொன்னதில் மாற்றுச் சொல்ல ஒன்றுமில்லை. நான் 800 ஓடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேக்கு வந்தவன். அதனால் சர்டிபிகேட் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வெறும் மெரிட் சர்டிபிகேட் போதாது, ஃபார்ம் என்று ஒன்று கேட்பார்கள். ஃபார்ம் 1 இந்தியாவுக்கு ஆடியவர்களுக்கு. ஃபார்ம் 2 மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு, அதில் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். பல்கலைக்கழகத்துக்காக இன்டர்-யூனிவர்சிட்டி ஆடியவர்களுக்கு ஃபார்ம் 3, அதில் யூனிவர்சிட்டி விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து. நீ இந்த மீட்டுக்குப் போனால்தான் உனக்கு ஃபார்ம் 3-க்கே வழி பிறக்கும். காலேஜ் மீட்டில் எத்தனை முதல் பரிசு வாங்கினாலும் அது வராது.

அதே நேரம் ஃபார்ம் 3 கையில் இருந்தாலே வேலை என்று நினைக்க வேண்டாம். பல அறிவிப்புகளில், ரயில்வே உட்பட, எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் தனி விதிகள். அதனால் மேடம் சொன்ன மாதிரி அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னால் அவருக்குச் சட்டென்று புரியும்.

போட்டி முடிந்ததும் ரிசல்ட் ஷீட்டை போனில் படம் எடுத்து வை. தேர்வுக் கடிதம், ஓ.டி. கடிதம், உன் பெயர் உள்ள ரிசல்ட், பங்கேற்புச் சான்றிதழ் நாலையும் ஒரே ஃபைலில் போடு. ஃபார்மில் கையெழுத்தை அந்த வருஷமே வாங்கிவிடு. படிப்பு முடிந்து நாலு வருஷம் கழித்துப் போய் நின்றால் பொறுப்பாளர் மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடுகிறோம் என்பார்கள், அதற்குள் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போய்விடும். என்னோடு ஓடிய ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது, நல்ல ஓட்டக்காரன்.

பல்கலைக்கழகப் போட்டியோடு நின்றுவிடாதே. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். தமிழ்நாடு தடகளச் சங்கம் நடத்துகிற மாநிலப் போட்டியில் ஓடித் தேர்வானால் ஃபார்ம் 2 பக்கம் போகலாம். 23 வயதுக்கு உட்பட்டோருக்கு தேசியப் போட்டியே தனியாக இருக்கிறது, உன் வயதுக்கு அது இன்னும் சில வருஷம் கைகொடுக்கும்.

திருச்சி_ஸ்பிரிண்டர்

நான் எம்.ஏ. முதல் வருஷம், 200 ஓடுகிறேன். போன வருஷம் இன்டர்-யூனிவர்சிட்டி போய் வந்தேன். இரண்டு விஷயம்.

சின்தெடிக்கில் (செயற்கைத் தளத்தில்) ஓடிப் பார்க்காமல் நேராகப் போகாதே. மண்ணில் ஓடுகிறவர்களுக்கு அங்கே ஸ்டெப் நீளும். எனக்கு 200-இல் அது லாபம்தான். உனக்கு அப்படி இல்லை, முதல் ஹர்டிலுக்கு 45 மீட்டர், அதற்கு நீ எண்ணி வைத்திருக்கிற கணக்கே மாறிவிடும், ஹர்டிலுக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிற்பாய். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சனி ஞாயிறு வந்து ஸ்டார்ட்டிலிருந்து முதல் இரண்டு ஹர்டில் மட்டும் திரும்பத் திரும்ப ஓடு. வருவதற்கு முன்னால் உங்கள் பி.டி. சாரை விட்டு அங்கே அனுமதி கேட்கச் சொல். முதல் நாள் அதிகம் ஓடாதே, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும்.

இரண்டாவது, மருந்து. ஜிம்மில் யாராவது பவுடர் தருகிறேன், ரேஸுக்கு முன்னால் இதைக் குடி, மூச்சு வாங்காது என்று வந்தால் தொடவே தொடாதே. உடம்பில் தடை செய்த பொருள் இருந்தால் தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, பொறுப்பு முழுக்க ஓடுகிறவருடையதுதான். 2023-இல் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் பைனலில் ஒரே ஒருவர்தான் ஓடினார், மற்றவர்கள் வரவே இல்லை. சளிக்கு மாத்திரை வாங்கினாலும் டாக்டரிடம் நான் போட்டியில் ஓடுகிறவள் என்று சொல்லிவிட்டு வாங்கு. சீட்டைப் பத்திரமாக வை.

புதுகை_ஹர்டில்ஸ்

மேடம், அண்ணா, அக்கா மூவருக்கும் நன்றி. பி.டி. சார் கூடவே வந்தார். பேட்ச் பட்டியல் இன்னும் போடவில்லையாம். முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார், என்னை முதல் பேட்ச்சில் வைக்கிறேன் என்று ஹெச்.ஓ.டி. மேடம் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்தார். பிராக்டிகல் முடித்த அன்று ராத்திரியே ரயில். அப்பாவிடம் மெடல் வராது என்று நேராகவே சொன்னேன். ஃபார்ம் 3 பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டார். யூனிவர்சிட்டி தருகிறது என்றதும், "சாப்பாட்டுக்கு நான் தர்றேன்" என்றார்.

ஹீமோகுளோபின் 9.2 மேடம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

தூக்குவது வலது காலைத்தான். இடது காலை நேற்றுத் தூக்கிப் பார்த்தேன், நடந்து தாண்டும்போது வருகிறது, ஓடும்போது பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். என் ஸ்பைக்ஸில் இருப்பது மண் தரைக்குப் போட்ட நீள ஊசி. அதையே போடலாமா? எட்டாவது லேன் வந்தால் யாருமே கண்ணுக்குத் தெரியாதே, எப்படி ஓடுவது?

பி.டி. மேடம், தஞ்சை

9.2 வைத்துக்கொண்டா 66.4 ஓடினாய்? மாத்திரையை ஒருநாளும் விடாதே, எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள். டாக்டர் சொல்கிற நாளில் மறுபடி ரத்தம் பார். போட்டிக்குள் முழுசாக ஏறாது. அதனால் இப்போதே பயிற்சியைக் கூட்டிக்கொண்டு போகாதே. ஒரு நாள் நன்றாக ஓடினால் மறுநாள் லேசாக வை.

நீள ஊசியைக் கழற்று. சின்தெடிக்கில் 9 மி.மீ.க்கு மேல் கூடாது, சில மைதானங்களில் 6 தான் விடுவார்கள். 6 மி.மீ. ஊசி ஒரு செட்டும் கழற்றுகிற சாவியும் வாங்கிப் பையில் போடு. கால் ரூமில் ஸ்பைக்ஸைத் திருப்பிப் பார்ப்பார்கள், அங்கே போய்த் தேடிக்கொண்டு நிற்காதே.

எட்டாவது லேன் வந்தால் சந்தோஷப்படு. வளைவு அங்கேதான் நீளமாக, இலகுவாக இருக்கும், வலது காலைத் தூக்குகிற உனக்கு நல்லது. முன்னால் யாரும் தெரிய மாட்டார்கள் என்பது உண்மை. உனக்கு அவர்கள் தேவையில்லை, ஸ்டெப்பை எண்ணிக்கொண்டு ஓடு. ஐந்தாவது வரை 17, ஆறாவதிலிருந்து 19. இடது கால் ஓட்டத்தில் பழகாமல் 18-ஐ அங்கே போய் முயற்சி செய்யாதே. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் அசைந்தால் ஒரே தடவையில் வெளியே அனுப்பிவிடுவார்கள், "செட்" சொன்னதும் உறைந்து நில். எலக்ட்ரானிக்கில் என்ன டைம் வந்தது என்று ஓடி முடித்த அன்றைக்கே இங்கே எழுது, ஆறாவது ஹர்டிலில் என்ன ஆனது என்பதையும் சேர்த்து.